கால் மறந்த வழிகள்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் படுவான்கரை. கடலோரப் பட்டினங்களும் பெரிய வீதியும் எழுவான்கரையில் இருக்கின்றன. வயலும் மாடும் குளமும் காடும் படுவான்கரையில் இருக்கின்றன. நெல்லும் தயிரும் விறகும் அங்கிருந்து வரும். சீனியும் மண்ணெண்ணெயும் துணிமணியும் இங்கிருந்து போகும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது.

இந்த வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘பாதை’ என்பதுதான். “பாதை வந்திட்டா?”, “பாதை போயிட்டு” என்று துறையில் நின்று கேட்பார்கள். வெளியூரில் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுத் திகைப்பார்கள். பாதை எப்படி வரும், எப்படிப் போகும்? எங்களுக்கு அது வரும், போகும். சில காலம் வராமலேயும் போகும்.

அப்படி வராமல் போன வழிகளைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். கொக்கட்டிச்சோலையைச் சுற்றி நான் நடந்து பார்த்த வழிகள் இவை. இதே கதை வாகரையிலும் வன்னியிலும் இருக்கும் உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

சோலைக்குப் போகும் வழி

மட்டக்களப்பு நகரில் இருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்து, காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மேற்கே திரும்பினால் மண்முனைத் துறை. இன்று அங்கே பாலம் இருக்கிறது. ஜப்பான் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்டு 2014 ஏப்ரல் மாதத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பாதைதான். மழை என்றால் காத்திருக்க வேண்டும். இருட்டினால் பாதை ஓடாது. பிள்ளைப்பேற்று நோவோடு துறையில் கிடந்த பெண்களின் கதை படுவான்கரையில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இப்போது பஸ்ஸில் இருந்து பார்த்தால் கண் மூடித் திறப்பதற்குள் வாவி கடந்து விடுகிறது. தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையிலும் ஓடிய பாதைகளும் இப்படியேதான் எங்கள் வாழ்க்கையோடு ஒட்டியவை.

பாலத்தைத் தாண்டினால் கண்டல் மரங்களும் கரைச்சை நிலமும், அதற்கு அப்பால் வயல்வெளியும் வரும். அதன் பிறகு கொக்கட்டிச்சோலை. ஊருக்குப் பெயர் தந்தது கொக்கட்டி மரம். திகடன் என்ற வேடன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியது என்றும், அவன் பயந்துபோய்த் துணியால் மூடிவிட்டு ஓடிச் சொன்னான் என்றும், அங்கே தானாகத் தோன்றிய இலிங்கம் இருந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். அதனால் கோயிலுக்குத் தான்தோன்றீஸ்வரர் ஆலயம் என்று பெயர். அந்தக் காலத்தில் மண்முனையை உலகநாச்சி என்ற அரசி ஆண்டதாக மட்டக்களப்பு மான்மியம் கூறுகிறது. எங்கள் நிலத்தின் பழைய கதை ஒரு பெண்ணின் ஆட்சியில் இருந்து தொடங்குகிறது என்பதைச் சிறு வயதில் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பறங்கியர் வந்து கேட்டபோது கல்லில் செதுக்கிய நந்தி எழும்பிப் புல் தின்று சாணமிட்டது என்ற கதையும் இந்தக் கோயிலுக்கு உண்டு. தேர்த் திருவிழாவுக்கு வாவியின் இரு கரைகளில் இருந்தும் சனம் திரளும். முன்பு வண்டில் கட்டி வருவார்கள், நடந்தும் வருவார்கள். வரம்பு வழி, வாய்க்கால் வழி, மாட்டு வழி, தோணித் துறை வழி என்று ஒவ்வொரு ஊரில் இருந்தும் சோலைக்கு ஒரு வழி இருந்தது. மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு, பண்டாரியாவெளி, அரசடித்தீவு, கடுக்காமுனை என்று எந்த ஊரில் இருந்து வந்தாலும் வீதியை மிதிக்காமலே கோயிலுக்கு வந்து சேரலாம் என்று என் பெரியம்மா சொல்வார்.

வழிகள் மூடிய விதம்

ஒரு வழியை மூடுவதற்கு எப்போதும் வேலி போடத் தேவையில்லை. பயம் போதும்.

1987 சனவரி 28 அன்று மகிழடித்தீவு இறால் பண்ணையிலும் அயலிலும் பலர் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12 அன்று கண்ணிவெடியில் இரண்டு படையினர் இறந்ததைத் தொடர்ந்து மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு மக்கள் கொல்லப்பட்டார்கள். அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழு இறந்தவர்கள் 67 பேர் என்றது. ஊரார் எண்ணி வைத்திருக்கும் தொகை 152. மகிழடித்தீவில் நினைவுத் தூபி இருக்கிறது. அதைக் கடந்து போகும்போது இன்றும் பல பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அதற்குப் பின்பு எங்கள் ஊர்களில் வழிகளுக்குப் புதுக் கணக்கு வந்தது. இந்த வழி காலையில் போகலாம், பின்னேரம் போகக்கூடாது. அந்த வழியில் ஆம்பிளைப் பிள்ளைகளை அனுப்பக்கூடாது. முகாமுக்குப் பக்கத்து வழி வேண்டவே வேண்டாம். தேசப்படத்தில் இல்லாத இந்தக் கணக்கைப் பெண்கள்தான் மனதில் வைத்திருந்தார்கள். ஏனென்றால் அரிசிக்கும் மருந்துக்கும் விறகுக்கும் அவர்களே போக வேண்டியிருந்தது.

1990களின் நடுப்பகுதியில் இருந்து 2007 வரை படுவான்கரை ‘கட்டுப்பாடற்ற பகுதி’ என்று அழைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் நிர்வாகம் அங்கே இருந்தது. வாவியே எல்லையாகிவிட்டது. துறைகளிலும் வலையிறவுப் பாலத்திலும் சோதனைச் சாவடிகள் இருந்தன. மின்கலம், எரிபொருள், உரம், சீமெந்து கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு. சாமான் பையைக் கொட்டிக் காட்டி, திரும்ப அள்ளிக் கட்டி, அடுத்த பக்கத்தில் மறுபடியும் கொட்டிக் காட்டிய கைகள் இதை வாசிப்பவர்களிலும் இருக்கும். அந்தப் பக்கத்திலும் பயம் இல்லாமல் இருக்கவில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பள்ளிக்கூட வழியைப் பார்த்தபடி நின்ற தாய்மாரை நான் அறிவேன்.

2007 மார்ச்சில் சண்டை மூண்டபோது படுவான்கரைச் சனம் முழுவதும் எழுவான்கரைக்கு ஓடி வந்தது. மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் ஒன்றரை இலட்சம் பேர் வரை என்று அப்போது கணக்கிட்டார்கள். மார்ச் 28 அன்று கொக்கட்டிச்சோலை படையினர் வசமானது. ஊர்களில் மாடும் நாயும் மட்டும் மிஞ்சின.

முதலில் நடந்தவர்கள்

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் இருந்து மீள்குடியேற்றம் தொடங்கியது. பஸ்ஸில் கொண்டுவந்து வீதியில் இறக்கி விட்டார்கள். வீதியில் இருந்து வீட்டுக்குப் போகும் வழியைக் காணவில்லை. புல்லும் நாயுருவியும் ஈச்சம்பற்றையும் ஆள் உயரத்துக்கு நின்றன. வழி தெரிந்த கால்களும் அங்கே காலை வைக்கப் பயந்தன. புல்லுக்குள் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் பக்கத்தில் முதலில் நடந்தவர்கள் யார் என்று கேட்டால் பெரியம்மா விரல் மடித்துச் சொல்வார். கணவனை இழந்த ஒரு பெண் மாட்டைத் தேடிப் போனார். இரண்டு பெண்கள் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். ஒருத்தி மகன் நட்ட தென்னம்பிள்ளை நிற்கிறதா என்று பார்க்கப் போனாள். நீண்ட தடியால் முன்னே தட்டித் தட்டி, மாடு போன தடத்தில் மட்டும் காலை வைத்து, ஒருவர் அடியில் மற்றவர் அடி வைத்துப் போனார்களாம். “மாடு செத்துக் கிடக்காத இடத்தில மனிசரும் நடக்கலாம்” என்பதே அவர்களுடைய விஞ்ஞானம். அது பிழைத்துப்போன இடங்களும் உண்டு. வேறு யாரும் அப்படிச் செய்து பார்க்கக் கூடாது என்றுதான் இதை எழுதும்போதும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு வேறு கணக்கு இருக்கவில்லை.

பிறகு கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் வந்தார்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட இடத்துக்குள் போகவேண்டாம் என்றார்கள். முகக்கவசம் போட்டு முழங்காலில் இருந்து, ஒரு சாண் நிலத்தைத் துப்பரவாக்க அரை நாள் எடுத்தார்கள். அந்த வேலையிலும் எங்கள் நாட்டுப் பெண்கள் பலர் இருந்தார்கள். 2017 ஜூன் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அபாயம் நீங்கிய மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இலங்கையில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் மாவட்டம் இதுதான். பலகைகளைக் கழற்றினார்கள். ஆனால் பலகை கழன்ற அன்றே கால் திரும்பி வந்துவிடுமா?

இல்லாத முகாமைச் சுற்றும் வழி

போன வருடம் பெரியம்மாவோடு ஒரு பழைய முகாம் இருந்த நிலத்துக்குப் போனேன். எந்த நிலம் என்று எழுதவில்லை, உரித்துக்காரர் இருக்கிறார். முகாம் எடுபட்டுப் பல வருடங்கள். மண் அணை மழையில் கரைந்து வயல் வரம்பு மாதிரிக் கிடக்கிறது. மண் மூட்டைகள் உக்கி, பச்சை நூல் மட்டும் புல்லோடு பின்னிக் கிடக்கிறது. மண் நிரப்பிய இரண்டு தார் பீப்பாய், கறையான் தின்ற பனங்குற்றி, துருப்பிடித்த முட்கம்பித் துண்டு. காவல் கோபுரம் நின்ற இடத்தில் விளாத்தி முளைத்திருக்கிறது.

நாங்கள் வந்த ஒற்றையடிப்பாதை அந்த நிலத்துக்குக் கிட்ட வந்ததும் வளைந்தது. அணைக்கு வெளியே பெரிய வட்டமாகச் சுற்றி, அடுத்த பக்கத்தில் மறுபடியும் நேராகியது. முகாம் இருந்த காலத்தில் சனம் விலகி நடந்த வளைவு அது. இப்போது அங்கே விலகுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் சைக்கிளில் போன பொடியன் வளைந்துதான் போனான். மாடுகளும் வளைந்துதான் போயின. அந்தப் பொடியன் பிறந்ததே முகாம் போன பிறகாகத்தான் இருக்கும்.

நானும் வளைவில்தான் திரும்பினேன். பெரியம்மா திரும்பவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே போனார்.

“பெரியம்மா, பத்தையெல்லே!”

“இதுக்குள்ளாலதான் புள்ள வழி. சுத்திப் போறது பிறகு வந்த பழக்கம். இதில ஒரு கிணறு இருக்கு, வா.”

கிணறு இருந்தது. கட்டு உடைந்து, பாதி தூர்ந்து, உள்ளே தவளை சத்தம் போட்டது. மூன்று ஊர்ப் பெண்கள் தண்ணீர் அள்ளிய கிணறு அது. கோடையில் மற்றக் கிணறெல்லாம் உவர்த்துப்போக, இது மட்டும் இனித்ததாம். கலியாணப் பேச்சும் சண்டையும் சமாதானமும் இந்தக் கட்டில்தான் நடந்ததாம். பெரியம்மா ஒரு கல்லைக் காட்டினார். குடத்தை வைத்து வைத்துக் குழியான கல். இவ்வளவு நாளும் இந்த வளைவால் போய் வந்த எனக்கு அப்படி ஒரு கிணறு இருப்பதே தெரியாது. வழி மறைந்தால் வழியில் இருந்ததும் மறைந்து விடுகிறது.

பேர்லினில் ஒரு மலை

அன்று இரவு பெரியம்மாவின் பேத்தி பேர்லினில் இருந்து வட்ஸ்அப்பில் கதைத்தாள். நாங்கள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, “அம்மம்மா, நான் ஞாயிற்றுக்கிழமையில நடக்கப் போற மலையும் இப்பிடித்தான்” என்றாள். அவள் சொன்னதையும் அதன் பிறகு நான் தேடி வாசித்ததையும் உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அந்த மலையின் பெயர் டொய்ஃபெல்ஸ்பேர்க். பேய்மலை என்று பொருள். ஆனால் அது இயற்கையான மலை அல்ல. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபோது பேர்லின் நகரம் இடிந்து கிடந்தது. ஆண்களில் பலர் இறந்துபோனார்கள், பலர் சிறைப்பட்டிருந்தார்கள். பல்லாயிரம் பெண்கள் இடிபாட்டுக்குள் இறங்கினார்கள். வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றினார்கள். சுத்தியலால் பழைய சாந்தைத் தட்டி, திரும்பக் கட்டக்கூடிய செங்கல்லைப் புறம்பாக அடுக்கினார்கள். கொஞ்சம் கூடுதலான உணவுப் பங்கீட்டு அட்டைக்காகவே பலர் அந்த வேலைக்குப் போனார்கள். பெரும்பகுதி வேலையை இயந்திரங்களும் கூலி ஆட்களும் செய்தார்கள் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதனால் அந்தப் பெண்களின் கையில் இருந்த காய்ப்பு இல்லை என்றாகிவிடாது.

எதற்கும் உதவாத கல்லும் மண்ணும் 1950இல் இருந்து லொறிகளில் ஏற்றி நகரத்து ஓரக் காட்டில் கொட்டப்பட்டன. இருபது வருடத்துக்கு மேல் கொட்டியதில் கடல் மட்டத்தில் இருந்து 120 மீற்றர் உயரத்துக்கு ஒரு மலை எழுந்தது. அதன் அடியில் நாசி ஆட்சிக் காலத்தில் கட்டத் தொடங்கிய இராணுவக் கல்லூரி புதைந்து கிடக்கிறது. அந்த ஊர்ச் சனம் மாரிகாலத்தில் பனியில் சறுக்கி விளையாடும். காலில் நீளமான இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்குவார்கள். அதற்காக இந்த மலையில் சரிவும் தாவு மேடையும் அமைத்தார்கள். 1960களில் அமெரிக்கப் படையினர் உச்சியில் ஒட்டுக்கேட்கும் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். வெள்ளைப் பந்து மாதிரிப் பெரிய கூடுகளுக்குள் அலைவாங்கிகள் இருந்தன. எல்லைக்கு அப்பால் பேசுவதைக் கேட்பதற்காக. உச்சி மூடப்பட்டது.

1989இல் பேர்லின் மதில் விழுந்தது. அமெரிக்கர் போனார்கள். சிறிது காலம் விமானங்களைக் கண்காணிக்கும் ராடார் அங்கே இயங்கியது. பிறகு அதுவும் நின்றது. கூடுகள் கிழிந்தன. சறுக்குச் சரிவையும் தாவு மேடையையும் காடு மூடியது. இன்று அந்தக் காட்டுக்குள் சனம் நடக்கிறது, ஓடுகிறது. பனி பெய்தால் பிள்ளைகள் சறுக்குப் பலகையோடு வருகிறார்கள். காலுக்குக் கீழே ஒரு நகரத்து வீடுகளின் சுவர்கள் கிடக்கின்றன.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தக் கல்லெடுத்த பொம்பிளையளுக்கு ஏதும் செய்திருக்கா?”

செய்திருக்கிறார்கள். பேர்லினில் ஹாசன்ஹைட என்ற பூங்காவில் 1955இல் ஒரு சிலை வைத்தார்கள். கையில் சுத்தியலோடு அமர்ந்திருக்கும் பெண். செதுக்கியவரும் ஒரு பெண்தான். கத்தரீனா செலின்ஸ்கி-சிங்கர் என்று பெயர்.

“அப்ப, எங்களில முதல் நடந்தவளவைக்கு?” என்றார் பெரியம்மா. பேத்தியும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்றைய படுவான்கரை

இன்று படுவான்கரையில் காப்பெற் போட்ட வீதிகள் இருக்கின்றன. பஸ் ஓடுகிறது. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறார்கள். இது நல்ல காரியம்தான்; பழைய வழி வேண்டும் என்பதற்காகப் பாலம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஆனால் மோட்டார் சைக்கிள் இல்லாத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். வயல் வேலைக்கும் விறகுக்கும் அறுவடை முடிந்த வட்டையில் கதிர் பொறுக்கவும் நடந்துதான் போகிறார்கள். அவர்களுக்குக் குறுக்கு வழி என்றால் அரை மணித்தியாலம் மிச்சம். அந்த அரை மணித்தியாலத்தில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கலாம். வழி மூடிக் கிடந்தால் அந்த இடத்தில் சிலர் வேலி போட்டுவிடுகிறார்கள். யானை வேறு. தாந்தாமலைப் பக்கம் காட்டை அடுத்த ஊர்களில் பின்னேரம் ஆனால் வழியில் இறங்கப் பயம். முன்பு துவக்குக்குப் பயந்தோம், இப்போது யானைக்குப் பயப்படுகிறோம் என்று அங்கே ஒரு பெண் சொன்னார்.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, இதற்குப் பெரிய திட்டமும் நிதியும் தேவையில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் செய்யத் தொடங்கியிருக்கும் சில காரியங்களைச் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் வயதானவர்களிடம் பழைய வழிகளின் பெயர்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, வழியில் என்ன மரம், என்ன கிணறு, எந்த ஆண்டில் யார் நடப்பதை நிறுத்தினார்கள் என்று எழுதுங்கள். போர் முடிந்த பின்பு முதலில் நடந்தவர் யார் என்பதையும் அவர் விரும்பினால் எழுதுங்கள். பெயரை எழுத வேண்டாம் என்று சொன்னால் எழுத வேண்டாம்.

பொது வழி ஒன்று மறிக்கப்பட்டால் தனியே போய்ச் சண்டை பிடிக்காமல், பாவிக்கும் பெண்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

நீண்ட காலம் ஆள் நடக்காத இடத்துக்குள் முதல் முறை போகும்போது இருவராக, மூவராகப் போங்கள். அபாயம் நீங்கியது என்று அறிவித்த மாவட்டத்திலும் பழைய வெடிபொருள் மண்ணில் இருந்து எப்போதாவது கிளம்பலாம். அறியாத இரும்பைத் தொடவேண்டாம். பிள்ளைகளைத் தொட விடவும் வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு அறிவியுங்கள்.

எல்லோராலும் எல்லா வழியிலும் நடக்க முடியாது. சில வழிகளில் எங்களுடைய ஆட்கள் விழுந்து கிடந்தார்கள். அந்த வழியால் இன்றும் போகமாட்டேன் என்று சொல்கிற பெண்ணை யாரும் வற்புறுத்தக் கூடாது. சுற்றிப் போவதும் ஒரு வழிதான். அதுவும் எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த வழி. ஆனால் ஏன் சுற்றிப் போகிறோம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். சொல்லாவிட்டால், இல்லாத முகாமைச் சுற்றி அவர்கள் காரணம் தெரியாமல் வளைந்து போய்க்கொண்டே இருப்பார்கள்.

அந்தக் கிணற்றைத் தூர் எடுப்பது பற்றி உரித்துக்காரரோடு பேசியிருக்கிறோம். வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி முடியட்டும், அதற்குப் பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். மூன்று ஊரில் இருந்தும் ஆறு பெண்கள் மண்வெட்டியோடு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.